மைசூர் மைன்ஸுக்குப் போன ரோபோ

(சங்கத்தின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாத வெளியூர் அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

கடைசி வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்பதால் பத்து நிமிஷமாவது நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

அழைப்பிதழில் 'இளைய தலைமுறையும் சமூக சேவையும்' என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பில் பொதுவாகப் பேச எனக்கு யோக்யதை இல்லை. நான் மெக்கானிகல் எஞ்சினீயர். மண் வாரும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டதையும் சொல்லத்தான் தெரியும். ஆகவே ஆறு குழந்தைகள், ஒரு ரோபோ, மைசூர் மைன்ஸ் என்ற ஓர் ஊர், இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மைசூர் மைன்ஸ் என்றால் மைசூரில் இருக்கும் ஊர் என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். அது கோலார் தங்க வயலில் இருக்கிறது. பங்காருப்பேட்டையில் கிளைப் பாதை பிரிந்து, கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய், மாரிக்குப்பத்தில் தண்டவாளம் முடிந்துவிடும். அந்தக் கடைசி ஸ்டேஷனை ஒட்டியதுதான் மைசூர் மைன்ஸ். என் தகப்பனார் அங்கே டைம் ஆபீஸில் குமாஸ்தா. நான் பிறந்தது 1951-ல். 1973-ல் வேலை கிடைத்து வெளியே வரும் வரைக்கும் எனக்கு உலகம் என்றால் அந்த ஊர், ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சங்கு, ராத்திரியில் பூமிக்குள்ளே பாறை வெடித்தால் அலமாரியில் குலுங்கும் பாத்திரங்கள், இவ்வளவுதான். 'ராக் பர்ஸ்ட்' என்று இங்கிலீஷில் சொல்வார்கள். சத்தம் கேட்டால் அம்மா ஸ்வாமி விளக்கை ஏற்றிவிட்டு வாசலில் வந்து நிற்பாள். கீழே யார் யார் இறங்கியிருக்கிறார்களோ என்று.

அந்த ஊரைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது இரண்டு விஷயங்களைப் பெருமையாகச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். முதலாவது மின்சாரம். சிவசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30-ந் தேதி தங்க வயலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான். அந்தத் திட்டத்துக்குத் தோள் கொடுத்த திவான் ஸர் கே. சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுக்காரர். 1901 செப்டம்பரில் காலமாகிவிட்டார். சுரங்கத்தில் அந்த மின்சாரம் ஓடியதை அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது நியூட்ரினோ. மைசூர் மைன்ஸுக்குப் பக்கத்துச் சுரங்கமான சாம்பியன் ரீஃபில், பூமிக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் முதன்முதலாகக் கண்டவர்களில் அவர்கள் உண்டு. எனக்கு அப்போது பதினாலு வயது. என்னவென்று புரியாமலேயே பெருமைப்பட்டேன்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் சொல்வதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது வருஷத்தில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் கொடுத்த ஊர். இப்போது அங்கே மிச்சம் இருப்பது சயனைட் மேடுகளும், துருப்பிடித்த ஷாஃப்ட் சட்டங்களும், லைன் வீடுகளும். காலை இருட்டில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் ஜனங்களும் அங்கேதான் இருக்கிறார்கள். 2018-ல் வந்த சினிமாவைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்க வருபவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

இப்போது ரோபோவுக்கு வருவோம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கும் ஆறு குழந்தைகள் சேர்ந்து 2023-ல் ஒரு டீம் ஆரம்பித்தார்கள். அதில் என் பேத்தியும் உண்டு. 'ஃபர்ஸ்ட்' என்று அமெரிக்காவில் ஓர் அமைப்பு இருக்கிறது. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் ஆரம்பித்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அவர்கள் நடத்தும் ரோபோ போட்டிகள் இன்று பல தேசங்களில் நடக்கின்றன. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நியூ ஜெர்ஸியிலோ டெக்ஸாஸிலோ ஒரு பேரனாவது அதில் இருப்பான். ஆகவே விவரிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் போட்டியில் ரோபோ நன்றாக ஓடினால் மட்டும் போதாது. டீம் தன் சமூகத்துக்கு என்ன செய்தது, எத்தனை பேருக்கு இந்த வித்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றும் கேட்பார்கள். அதற்குத் தனி விருதே உண்டு. குழந்தைகள் அதை 'அவுட்ரீச்' என்கிறார்கள். பதினைந்து பக்கக் குறிப்பேடு ஒன்று கொடுக்க வேண்டும். அதில் அவுட்ரீச்சுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மார்க் உண்டு என்று தெரிந்தால் நம் வீட்டுக் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. நாம் வளர்த்தது அப்படி.

"தாத்தா, உங்க ஊர்ல ஸ்கூல் இருக்கா?" என்று பேத்தி கேட்டாள். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இரண்டு காரில் போனோம். பானர், டீ ஷர்ட், வெளிநாட்டிலிருந்து வாங்கிய உதிரி பாகங்களில் செய்த ரோபோ. அதன் விலையைச் சொன்னால் சாப்பாடு இறங்காது. பள்ளிக்கூட ஹாலில் 140 குழந்தைகளை உட்கார வைத்து நாற்பது நிமிஷம் காட்டினார்கள். ரோபோ ஒரு பந்தை எடுத்துக் கூடையில் போட்டது. கைத்தட்டல். போட்டோ. வீடு திரும்பும் வழியிலேயே ஒரு பையன் எழுதிவிட்டான்: '140 மாணவர்களைச் சென்றடைந்தோம்.'

கிளம்பும்போது தலைமை ஆசிரியை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார், அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வருவீங்க?"

அடுத்த வாரம் வருவதாக யாருமே நினைக்கவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம், வகுப்பு என்றால் வாராவாரம் உண்டு என்றே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் குழந்தைகளை என் வீட்டுக்கு அழைத்து, பஜ்ஜி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அந்த 140 பேர்ல ஒருத்தனாவது இப்போ ஒரு மோட்டாரைச் சுத்த வைப்பானா?" பதில் இல்லை. "அப்ப எதைக் கொண்டுபோய் எதைச் சேர்த்தேள்?" என்றேன். என் பேத்தி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "சரி தாத்தா, எத்தனை சனிக்கிழமை?" என்றாள்.

இருபத்து மூன்று சனிக்கிழமை போனோம். காரில் போகவில்லை, ரயிலில். ஹாலில் 140 பேரை விட்டுவிட்டு, விருப்பப்பட்ட பன்னிரண்டு குழந்தைகள் மட்டும். எட்டாவதும் ஒன்பதாவதும் படிப்பவர்கள்.

விலையுயர்ந்த ரோபோவை வீட்டிலேயே வைத்துவிட்டோம். எஸ்.பி. ரோட்டில் ஆர்டுயினோ போர்டு, மஞ்சள் கியர் மோட்டார், தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் ஸென்ஸார், மோட்டாரை ஓட்டும் சின்ன ஸர்க்யூட் எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பெங்களூர்க்காரர்களுக்கு அந்த ரோடு தெரியும். உடம்புக்கு அட்டைப்பெட்டி. சக்கரத்துக்கு மருந்து பாட்டில் மூடி. முதல் மூன்று வாரம் ஒன்றுமே ஓடவில்லை. பாட்டரி இறங்கிப் போகும், ஒயரைத் திருப்பி மாட்டியிருப்பார்கள், கரன்ட் போய்விடும். எங்கள் டீம் குழந்தைகளுக்கு அதுவரைக்கும் கிட்டில் வந்ததைப் பொருத்தித்தான் பழக்கம். ஒயரை உரித்து முறுக்கவே இங்கேதான் கற்றுக்கொண்டார்கள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே பல நாள் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பாஷையும் ஒரு பிரச்னை. எங்கள் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சரளம், தமிழ் வீட்டுத் தமிழ். அங்கே வீட்டில் தமிழோ தெலுங்கோ, பள்ளிக்கூடத்தில் கன்னடம். "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, ஆத்துக்குப் போய் சார்ஜ் போடணும்" என்று ஒரு பையன் சொன்னதற்கு, "அண்ணா, எந்த ஆத்துக்கு? இங்க ஆறே இல்லையே" என்று கேட்டான் ஒரு வாண்டு. சிரித்துச் சிரித்து அன்றைக்கு வேலையே நடக்கவில்லை. அதன் பிறகுதான் கூச்சம் போயிற்று என்று நினைக்கிறேன்.

அங்கிருந்த ஒரு பையனின் தாத்தா சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். கூண்டை இறக்க ஏற்ற எத்தனை மணி அடிக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் பிறக்கும்போது சுரங்கம் மூடி எட்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லோரும் கோடு பிடித்து ஓடும் ரோபோ செய்துகொண்டிருந்தபோது இவன் மட்டும், "சார், என்னுது கீழே இறங்கணும்" என்றான். மோட்டாரில் நூல் சுற்றி, தீப்பெட்டியைக் கூண்டாகக் கட்டி, மாடிப்படியிலிருந்து இறக்கினான். ஒரு மணி அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் இறங்கும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயசாகிவிட்டது, வேறென்ன.

அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் ஒரு பெண் குழந்தை கேட்டாள். பேர் சொல்லக் கூடாது. ஒன்பதாவது படித்தாள். "சார், இதை ட்ரெயினேஜ் குழிக்குள்ள இறக்கலாமா?" எதற்கு அம்மா என்றேன். "எங்க சித்தப்பா இறங்குறாரு. அதுக்கு முன்னாடி எங்க அவ்வா வாளி தூக்கினாங்க. மைன்ஸ் குவார்ட்டர்ஸ் எல்லாம் அவங்கதான்."

சாதாரணமாகச் சொன்னாள். என் அப்பா டைம் ஆபீஸில் வேலை பார்த்தார் என்று நான் சொல்வேனே, அதே மாதிரி.

ரயிலில் திரும்பும்போது எங்கள் குழந்தைகள் கேட்டார்கள். "தாத்தா, வாளி தூக்கறதுன்னா என்ன?" பங்காருப்பேட்டை வரும் வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு சொன்னேன்.

இதை இந்த மேடையில், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லலாமா என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அறுபது வயது தாண்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அக்ரஹாரத்தில் கொல்லைப்புறச் சந்து எதற்காக இருந்தது என்று நமக்குத் தெரியாதா? எங்கள் குவார்ட்டர்ஸிலும் பின்பக்கம் ஒரு சந்து, இடுப்பளவு ஒரு சின்னக் கதவு. தினம் காலையில் ஓர் அம்மாள் வருவாள், தகரத்தால் வாரி எடுத்து, தலையில் வைத்துக்கொண்டு போவாள். அவள் போன பிறகு பாட்டி சந்தில் தண்ணீர் தெளிப்பாள். இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அவள் பேர் எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் வாளி வழியும் என்பது எனக்குத் தோன்றக்கூட இல்லை. சிவசமுத்திரத்து மின்சாரம் வந்து ஐம்பது வருஷம் ஆன ஊர். பாறையைப் பிளந்து மூன்று கிலோமீட்டர் கீழே போகத் தெரிந்த கம்பெனி. மேலே ஃப்ளஷ் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. நான் சொல்வதில்லை என்றேனே, அந்த மூன்றாவது பெருமை இதுதான். பெஜவாடா வில்ஸன், 1966-ல் தங்க வயலில் பிறந்தவர். அவர் குடும்பம் அங்கே இந்தத் தொழிலில் இருந்த குடும்பம். படித்துவிட்டு ஊர் திரும்பி, 1980-களின் நடுவிலிருந்து நிர்வாகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1993-ல் உலர் கழிப்பிடங்களைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் மன்றாடினார். புகைப்படங்கள் பத்திரிகையில் வந்தன. அதன் பிறகுதான் அங்கே அந்தக் கழிப்பிடங்களை மாற்றி, அந்த வேலையில் இருந்தவர்களுக்கு வேறு வேலை கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. அவர் அதோடு நிற்காமல் தேசம் முழுவதற்கும் ஓர் இயக்கத்தைக் கொண்டுபோனார். 2016-ல் மகஸேஸே விருது பெற்றார். அதே வருஷம் அந்த விருது பெற்ற இன்னொருவர் டி.எம். கிருஷ்ணா. கிருஷ்ணாவுக்குக் கொடுத்தது சரியா தப்பா என்று நம் சபாக்களில் நாம் எத்தனை மணி நேரம் வாதாடினோம்! வில்ஸன் என் ஊர்க்காரர். அவர் பேரை அந்த வருஷம் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கழிப்பிடம் மாறினாலும் குழி இருந்துகொண்டுதான் இருக்கிறது. 2011-ல்கூடத் தங்க வயலில் மலக்குழியில் இறங்கிய மூன்று பேர் இறந்தார்கள். 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 2014-ல், இப்படி இறப்பவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது.

எங்கள் குழந்தைகள் மறு சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஜென்ரோபோடிக்ஸ் என்ற நிறுவனம் 'பண்டிகூட்' என்ற ரோபோ செய்திருக்கிறது. பெருச்சாளி என்று அர்த்தம். கேரளத்தில் ஒரே கல்லூரியில் படித்த பிள்ளைகள் ஆரம்பித்த நிறுவனம். 2018-ல் வேலைக்கு வந்தது. சாக்கடைக் குழிக்குள் இறங்கிக் கைகளால் வாரி எடுக்கும். நம் கும்பகோணத்திலும் வாங்கினார்கள். செப்டிக் டாங்குக்கு அது ஒத்துவராது. சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென்று 'ஹோமோசெப்' என்ற ஒன்றைச் செய்தார்கள். குடை மாதிரி விரியும் கத்திகள் உள்ளே சுழன்று, அடியில் இறுகிப் போனதைக் கரைத்துவிடும். பிறகு பம்பு வைத்து உறிஞ்சலாம். 2022-ல் முதல் இயந்திரங்களை, இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள் என்று படித்தபோது என் பேத்தி, "தாத்தா, இதுதான் அவுட்ரீச்" என்றாள்.

உடனே எல்லோருக்கும் வேகம் வந்துவிட்டது. தீப்பெட்டிக் கூண்டுக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா, அதில் சின்ன காமிரா, விளக்கு, விஷவாயு ஸென்ஸார். குழிக்குள் இறக்கி, வாயு இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. ஒரு மாசத்தில் செய்துவிட்டார்கள். அந்தப் பெண் குழந்தைதான் வின்ச் பகுதி முழுவதும் செய்தாள். மேஜை மேல் பார்த்தால் அழகாக வேலை செய்தது.

இந்த இடத்தில்தான் நான் வில்லனானேன்.

குழியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் ஸல்ஃபைட். அழுகிய முட்டை நாற்றம். மோசம் என்னவென்றால், காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது, வாயு கலைந்துவிட்டது என்று நினைத்து இறங்குவார்கள். இறங்கியவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் போவது அதனால்தான். எஸ்.பி. ரோட்டில் நாங்கள் வாங்கிய அந்த மலிவு ஸென்ஸாரை, ஒரு நாளுக்கு மேல் சூடாக்கி வைத்து, அளவு தெரிந்த வாயுவில் காட்டிச் சரிபார்த்தால்தான் அது சொல்லும் எண்ணுக்கு அர்த்தம். ஈரம் பட்டால் மாற்றிச் சொல்லும். பள்ளிக்கூட மேஜையில் அதையெல்லாம் செய்ய வழியில்லை. "இதுல பச்சை விளக்கு எரிஞ்சா உங்க சித்தப்பா என்ன பண்ணுவார்?" என்று அந்தக் குழந்தையைக் கேட்டேன். "இறங்குவாரு" என்றாள். சொன்ன உடனேயே அவளுக்கே புரிந்துவிட்டது. பச்சை விளக்கை அவளே பிடுங்கினாள். இறங்கவே கூடாது என்று சட்டம் சொல்லும்போது இறங்கலாம் என்று விளக்குப் போட்டுக் காட்டுவதற்கு நாம் யார்?

கடைசியில் காமிராவும் வெளிச்சமும் மட்டும் வைத்தோம். அடைப்பு எங்கே என்று மேலே இருந்தபடியே பார்க்க உதவும். வேறு எதற்கும் இல்லை என்று டப்பாவின் மேலேயே கன்னடத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினோம். அவள் சித்தப்பா வந்து பார்த்தார். "நல்லாயிருக்கு" என்றார். பிறகு, "ஆனா கான்ட்ராக்டர் மெஷின் வாடகைக்கு எடுக்க மாட்டான் சார். எனக்குக் கொடுக்குறது கம்மி" என்றார். எங்கள் குழந்தைகள் ஐந்து மாசம் படித்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி நெருங்கியதும் பெற்றோர்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், நெருங்கிய சினேகிதர். "மாமா, உயிர் காக்கும் கருவி கண்டுபிடிச்சோம்னு ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுடும்? ஜட்ஜுகள் இம்பாக்ட் பார்ப்பா. காலேஜ் அப்ளிகேஷனுக்கும் ஆகும். குழந்தைகள் இத்தனை பாடுபட்டிருக்கா" என்றார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வார்த்தை தடித்தது. நான், "அப்ப என் பேரை எடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு மாசம் நாங்கள் லிஃப்டில் பார்த்தால் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் குழந்தைகளே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். குறிப்பேட்டில் எழுதியது இதுதான்: பன்னிரண்டு மாணவர்கள், இருபத்து மூன்று சனிக்கிழமை, அதில் ஒன்பது பேர் தாங்களே ஒரு மோட்டார் ஸர்க்யூட் போடுவார்கள், வாயு ஸென்ஸாரை நம்ப முடியாததால் எடுத்துவிட்டோம். 140-ஐ அடித்துவிட்டார்கள். அவுட்ரீச் விருது வேறு ஒரு டீமுக்குப் போயிற்று. ரோபோவுக்கும் நடுத்தரமான இடம்தான். வரும் வழியில் ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு பேரில் மூன்று பேர் இப்போது ஜே.இ.இ. கோச்சிங்குக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமைதான் அவர்களுக்கு டெஸ்ட். இதைத்தான் தலைமை ஆசிரியை அன்றே கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. வெளியூர்க் குழந்தைகளை நம்பி நடக்கும் வகுப்பு இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்காது.

வழி தேடிக் குப்பம் போனோம். தங்க வயலிலிருந்து ரொம்ப தூரம் இல்லை, ஆந்திர எல்லை தாண்டினால் வந்துவிடும். அங்கே அகஸ்தியா என்ற நிறுவனம் இருக்கிறது. வங்கி உத்யோகத்தை விட்டுவிட்டு வந்த ராம்ஜி ராகவன் 1999-ல் ஆரம்பித்தது. வறண்ட குன்றாக இருந்த 172 ஏக்கரில் இன்று மரங்களும் ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. வேனில், மோட்டார் சைக்கிளில்கூட, ஆய்வுக்கூடத்தைக் கிராமத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: கற்றுக்கொண்ட கிராமத்துக் குழந்தையே மற்றக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். பெங்களூரிலிருந்து தாத்தா வர வேண்டியதில்லை.

அதையே நாங்களும் இப்போது செய்கிறோம். அந்த ஊரிலேயே டிப்ளமோ படிக்கும் இரண்டு பேருக்கு மாசம் ஒரு தொகை கொடுத்து வகுப்பை ஒப்படைத்திருக்கிறோம். போன வருஷத்துப் பன்னிரண்டு பேரில் நாலு பேர் அவர்களுக்கு உதவி. அந்தப் பெண் குழந்தை அதில் ஒருத்தி. எங்கள் டீமில் மிச்சமிருக்கும் மூவர் மாசம் ஒரு தடவை போகிறார்கள். என் சினேகிதரும் இப்போது பேசுகிறார். போன மாசம் டிக்கெட் செலவு அவருடையது.

அரசாங்கத்தின் அடல் டிங்கரிங் லாப் திட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2016-ல் ஆரம்பித்தது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை உதவி. பத்தாயிரம் பள்ளிகளில் வந்துவிட்டது, 2025 பட்ஜெட்டில் ஐந்து வருஷத்தில் இன்னும் ஐம்பதாயிரம் என்று அறிவித்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் முப்பரிமாண பிரிண்டர் பாலிதீன் உறையோடு நாமக்கட்டி மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. ஓட்டத் தெரிந்தவர் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கலாம். ரிடையராகி வீட்டில் இருக்கும் எஞ்சினீயர்கள் இந்த ஹாலிலேயே முப்பது பேருக்குக் குறையாது. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சாவி யாரிடம் என்று கேட்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இலை போட்டாகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள். மைசூர் மைன்ஸில் இப்போது பதினெட்டு குழந்தைகள், மூன்று லேப்டாப். உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் இருந்தால் தயவுசெய்து கொடுங்கள். ஆனால் சார்ஜரோடு கொடுங்கள். சார்ஜர் இல்லாமல் நாலு ஏற்கெனவே என் வீட்டில் இருக்கின்றன.